ஒளித்துச் சாப்பிட்டவள்

ஏன் ஒளித்துச் சாப்பிட்டாள்?

எல்லோரும் பட்டினி கிடக்கும் இடத்தில் ஒருத்தி மட்டும் களவாகச் சாப்பிட்டால் அவளைக் கருங்காலி என்பார்கள். ஆனால் கருங்காலிக்கு அந்தப் பட்டினிமேல் இவ்வளவு வாஞ்சை இருக்குமா? பெற்ற பிள்ளையைப் பற்றிச் சொல்வதுபோலல்லவா சொல்லியிருக்கிறாள். வெட்கப்படுகிறாள். பெருமையும் படுகிறாள். ஒரே வாயால் இரண்டும் எப்படி வரும்?

"பிரபா, நீர் இப்பிடி முகத்தை வைச்சுக்கொண்டு இருந்தால் கொன்ட்ரோல்காரன் வந்து முதல்ல உம்மட்டத்தான் டிக்கெட் கேப்பான்," என்றாள் பக்கத்து இருக்கையில் இருந்த கஜலக்சுமி.

பிரபாலினி தன் கேள்வியை உள்ளேயே மடித்து வைத்தாள். பஸ் சுவிஸின் லுட்சேர்ன் நகரைத் தாண்டி எம்மன்புரூக்கே நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. காப்புறுதிக் கம்பனி ஒன்றில் நட்டஈட்டுக் கோரிக்கைகளை விசாரிக்கும் வேலையை விட்டுவிட்டு, பாசலில் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் நடத்துகிறவள் அவள். கஜலக்சுமி அவளைவிட மூத்தவள். ஆஸ்பத்திரிச் சமையலறையிலிருந்து ஓய்வு பெற்றதும், "வீட்டில மனிசனோட இருந்தால் விசர்தான் பிடிக்கும்" என்று சொல்லிக்கொண்டு அலுவலகத்துக்குத் தேத்தண்ணி போட வந்தாள். தேத்தண்ணி எப்போதோ நின்றுவிட்டது. ஆள் நிற்கவில்லை.

பிரபாலினியின் மடியில் ஒரு சஞ்சிகை கிடந்தது. நோர்வேயிலிருந்து பருவத்துக்கு ஒன்றாக வருவது. பெயரைத் தமிழில் 'ஆலைச் சங்கு' என்று சொல்லலாம். ஸ்கண்டிநேவிய நாடுகளில் உழைத்தவர்களின் வரலாற்றைத் தவிர வேறெதுவும் அதில் இருப்பதில்லை. மரம் அறுக்கும் ஆலைகளின் பழைய வேலைநிறுத்தங்கள், துறைமுகக் கூலிகள், மீனைத் தகரத்தில் அடைத்த பெண்கள். அட்டையில் அந்தப் பெண்கள்தான் தலையில் வெள்ளைத் துணி கட்டிக்கொண்டு, எதற்கோ வாய்விட்டுச் சிரித்தார்கள். கடைசிப் பக்கங்களில் மட்டும் இன்றைய தொழிலாளி ஒருவர் பெயரில்லாமல் பேசுவார். இடப்பக்கம் நோர்வே மொழி. வலப்பக்கம் பேசியவரின் சொந்த மொழி. இந்த இதழில் வலப்பக்கம் தமிழ்; மேலே 'ஆலையில் ஓர் உண்ணாவிரதப் போராட்டம்' என்ற தலைப்பு.

"திருப்பி ஒருக்கா வாசியும், கேப்பம்," என்றாள் கஜலக்சுமி, தோடம்பழம் உரித்தபடி.

பிரபாலினி தாழ்ந்த குரலில் வாசித்தாள்.

"சூட்டு உருளைக்கு முன்னால நிண்டால் ரத்தம் கொதிக்கும். ஹோட்டல் விரிப்புகளை ஈரத்தோட உள்ளுக்கு விட, மற்றப் பக்கத்தால காய்ஞ்சு வரும். கதவு திறக்க விடமாட்டினம். அந்தக் கிழமை எங்கட ஆக்கள் ஒருத்தரும் சாப்பாட்டு அறைக்குப் போகேல்லை. தொடங்கினதுக்கு முதல் நாள் வேலை முடிஞ்சு வரேக்க வானத்தில நிலவே இல்லை. ஆறாம் நாள் வரேக்க ஆத்துக்கு மேல அரை நிலவு மாதிரி. அண்டைக்குத்தான் ஆலை மேலாளர், எங்கட ஷெஃப், இறங்கி வந்து பெரிய காத்தாடி போட்டவர். அந்த ஆறு நாளும் நான் உடுப்பு மாத்திற அறையில ஒளிச்சிருந்து பாண் சாப்பிட்டன்."

"இந்த ஆளைத்தான் தேடித் தரவேணும்" என்று அந்த வாரத் தொடக்கத்தில் லுட்சேர்ன் ஸ்டேஷன் கஃபேயில் வைத்துச் சொன்னவர் சச்சிதானந்தன். நல்ல கோட்டு, நல்ல பல்வரிசை. ஒஸ்லோவிலிருந்து வருவதாகவும் சஞ்சிகையின் ஆசிரியர் குழுவில் இருப்பதாகவும் அறிமுகம் செய்துகொண்டார். அச்சேறியதும் ஒலிப்பதிவை அழித்துவிடுவார்களாம். பெயரையும் வைத்திருக்க மாட்டார்களாம். அது சஞ்சிகையின் கொள்கை. இப்போது அந்தப் பெண்ணுக்கு ஒரு விருது கிடைத்திருக்கிறது, ஆளைத்தான் காணவில்லை. எம்மன்புரூக்கே சலவை ஆலை, அங்கே ஏழு தமிழ்ப் பெண்கள், அவர்களில் ஒருத்தி. இவ்வளவுதான் தெரியும் என்றார். கோப்பிக்கும், கஜலக்சுமி கூச்சமில்லாமல் சாப்பிட்ட இரண்டு கேக் துண்டுகளுக்கும், கைபேசியில் ட்விண்ட் என்ற பணச் செயலியைத் தட்டித் தானே காசு கட்டினார். கையெடுத்துக் கும்பிட்டுப் போனார்.

பிரபாலினி வாசித்து முடித்தபோது கஜலக்சுமியின் கையில் தோடம்பழச் சுளை அந்தரத்தில் நின்றது.

"நிலவில்லாத இரவுக்கு அடுத்த நாள் தொடங்கினதோ?"

"ஓம்."

"ஆறு நாளோ? எந்த மாசம் எண்டு கிடக்கோ?"

"மலையில முதல் பனி விழுந்த கிழமை எண்டு மேல ஒரு இடத்தில வருது."

"அட, நான் ஒரு விசரி!" கஜலக்சுமி சுளையை வாயில் போட்டாள். "இது என்ன போராட்டம், பிரபா? இது கந்தசஷ்டி! ஐப்பசி அமாவாசை கழிய, ஆறு நாள். நான் வருசா வருசம் பிடிக்கிறன். பகல் முழுக்க வெறும் வயிறு, பின்னேரம் பாலும் பழமும். என்ர மனிசன் அந்த ஆறு நாளும் வலு சந்தோசமா இருப்பார், நான் கத்துறதுக்குச் சத்தில்லாமல் கிடப்பன் எண்டு."

பிரபாலினிக்கு உடம்பில் ஒரு சின்ன மின்னல் ஓடியது. விடை கிட்டும்போது எப்போதும் வருவது. அதன் பின்னால் இன்னொன்றும் எப்போதும் வரும். வாயில் உலோகத்தை வைத்ததுபோல் ஒரு கசப்பு. அது இன்னும் வரவில்லை.

"அப்பிடியெண்டால் நோர்வேயில உண்ணாவிரதப் போராட்டம் எண்டு அச்சடிச்சிருக்கிறது..."

"முருகனைக் கும்பிட்டதைத்தான். அந்த வெள்ளையளுக்கு என்ன தெரியும்?"

"அதுசரி அக்கா. ஆனால் விரதத்துக்குப் பயந்து ஒரு சுவிஸ் ஷெஃப் ஏன் இறங்கி வாறார்?"

கஜலக்சுமி தோடம்பழத் தோலை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

*

சலவை ஆலையின் காலை வேலைமுறை இரண்டு மணிக்கு முடிந்தது. வாசலுக்கு எதிரேயுள்ள பஸ் தரிப்பில் அவர்கள் நின்றார்கள். வெளியே வந்தவர்களில் ஒருத்தியை, சிவகலாவை, கஜலக்சுமிக்குக் கோயில் மடைப்பள்ளியில் பழக்கம். கூப்பிட்டதும் சிவகலா முகம் மலர வந்தாள். கன்னங்கள் இரண்டும் சூட்டில் சிவந்திருந்தன.

"இதென்னக்கா இஞ்ச? இந்த வயசில வேலைக்கோ?"

"ஓம், உங்கட ஷெஃப் என்னை மொடல் எண்டு கூப்பிட்டவர். விரிப்பைப் போர்த்திக்கொண்டு படம் எடுக்கப்போறாராம்."

சிவகலா சிரித்து ஓயும்வரை பிரபாலினி காத்திருந்தாள். பிறகு, ஆலைக்குள் பெரிய காற்றாடிகள் இருப்பதாகக் கேள்விப்பட்டேனே என்று ஒன்றும் தெரியாதவள்போலத் தொடங்கினாள். அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது.

"அது முருகன் தந்தது, பிள்ளை! பகிடியில்லை. ரெண்டு வருசத்துக்கு முதல் சஷ்டிக்கு நாங்கள் ஆறு பேர் விரதம். லீவு கேட்டனாங்கள், தரேல்லை. சரி, வேலை செய்துகொண்டே பிடிப்பம் எண்டு பிடிச்சம். ஆறாம் நாள், சூரன்போர் அண்டைக்கு, லொறியில ரெண்டு பெரிய ஃபான் வந்து இறங்குது! ஷெஃப் வந்து, இனி உருளையடியில ரெண்டு மணித்தியாலத்துக்கு மேல ஒருத்தரும் நிக்கத் தேவையில்லை, மாறி மாறி நில்லுங்கோ எண்டார். நாங்கள் அந்த இடத்திலயே அழுதிட்டம்."

"அவர் எப்பிடி மனம் மாறினவர்?"

"அதுதான் சொல்லுறனே, முருகன்."

"ஆறு பேர் எண்டீங்கள் அக்கா. தமிழாக்கள் ஏழு பேரெல்லோ?"

"செல்வராணி வேதக்காரி, சேர்ச்சுக்குப் போறவ. அவ ஏன் பிடிக்கிறா? ஆனால் நல்ல மனிசி. விரதக்காரருக்கு முன்னால சாப்பிடக்கூடாதெண்டு எங்கயோ மறைவாப் போய்ச் சாப்பிட்டிட்டு வருவா. நாங்கள் பரவாயில்லை எண்டாலும் கேக்கமாட்டா."

பிரபாலினி அடுத்த கேள்வியை மிக மெதுவாகக் கேட்டாள். "உங்களில டொச் பாஷை நல்லாக் கதைக்கிறது ஆர்?"

"அவதான். ஷெஃப் எங்களிட்ட என்ன கேக்கிறதெண்டாலும் முதல்ல அவவைத்தான் கூப்பிடுவார்."

சிவகலாவின் பஸ் வந்தது. அவள் ஏறிப் போனாள். ஒளித்துச் சாப்பிட்டவள் கருங்காலி இல்லை. விரதமே இல்லாதவள். அந்த ஆறு நாளும் ஷெஃபின் அறைக்கும் உருளைக்கும் இடையில் நடந்தவள் அவள் ஒருத்திதான். அங்கே என்ன சொன்னாள்?

"அவவை இப்ப எங்க போய்ப் பிடிக்கிறது?" என்றாள் பிரபாலினி.

"பின்னேர வேலையோ, லீவோ. வீடு எங்க எண்டு எனக்குத் தெரியும், வாரும்," என்றாள் கஜலக்சுமி. "எம்மன்புரூக்கேயில எனக்குத் தெரியாத கோலிங்பெல் இல்லை."

*

கதவு சங்கிலி அளவுக்கு மட்டும் திறந்தது. இடைவெளியில் ஒரு முகம், கழுத்தில் சின்னச் சிலுவை. உள்ளே ஓர் ஆணின் இருமலும் தொலைக்காட்சிச் சத்தமும் கேட்டன.

"ஆர் நீங்கள்?"

பிரபாலினி சஞ்சிகையை விரித்துக் கடைசிப் பக்கங்களைக் காட்டினாள். செல்வராணியின் கண்கள் இடப்பக்கத்தில் அமைதியாக ஓடி, வலப்பக்கத்துக்கு வந்ததும் நின்றன.

"ஐயோ," என்றாள். "தமிழிலயும் போட்டிருக்கினமோ?"

அதற்குமேல் எதையும் நிரூபிக்கத் தேவையிருக்கவில்லை. அவளுக்கும் அது விளங்கியது. சங்கிலியைக் கழற்றினாள்.

சமையலறையில் மூவரும் நின்றுகொண்டே பேசினார்கள். உட்காரச் சொல்லவும் செல்வராணிக்குத் தோன்றவில்லை. நோர்வேயில், பேர்கனில், தங்கை மீன் ஆலையில் வேலை செய்கிறாள். அவளைப் பார்க்கப் போயிருந்தபோது அந்தச் சஞ்சிகைக்காரப் பெண் தங்கையிடம் கதை கேட்க வந்தாள். கேட்டுக்கொண்டிருந்த செல்வராணி தானும் சொல்லிவிட்டாள்.

"ஆரும் வாசிக்கேலாத பாஷையில கிடக்கும்தானே எண்டு நினைச்சன்," என்றாள். "சொல்லாமலே செத்துப்போகவும் மனம் வரேல்லை."

"ஷெஃபிட்ட என்ன சொன்னனீங்கள் அக்கா?"

செல்வராணி தண்ணீர்க் குழாயைத் திறந்து மூடினாள்.

"மூண்டாம் நாள் கூப்பிட்டு, ஏன் ஒருத்தரும் சாப்பிடினமில்லை எண்டு கேட்டார். அந்தக் கிழமை பெரிய ஹோட்டல்காரர் ஆலையைப் பார்க்க வர இருந்தவை. சமயம், விரதம் எண்டு ஒரு வசனம் சொல்லியிருக்கலாம். அதுதானே உண்மை. ஆனால் அவருக்குப் பின்னால கண்ணாடிக்குள்ளால உருளையடியில சிவகலா நிக்கிறது தெரிஞ்சது. சுவரைப் பிடிச்சுக்கொண்டு நிண்டவ. நான் சொன்னன், இந்தச் சூட்டில நிண்டால் சாப்பாடு இறங்காதாம் எண்டு. எப்ப மட்டும் எண்டு கேட்டார். அது உங்கட கையில எண்டன்."

கஜலக்சுமி வாயில் கைவைத்தாள். "ஏசுவே!" என்றாள், முதன்முறையாக.

"அவையளுக்குத் தெரியாது. முருகன் தந்தவர் எண்டு சந்தோசமா இருக்கினம். நான் ஏன் கெடுப்பான்?" குரல் இறங்கியது. "ஷெஃபுக்குத் தெரிஞ்சால் அடுத்த நாளே நிப்பாட்டிப்போடுவினம். இவர் பாரிசவாதம் வந்து படுத்திருக்கிறார். என்ர வயசில வேற வேலை ஆர் தருவினம்? சோசியால் உதவிப்பணத்துக்குப் போனால் இஞ்ச இருக்கிற பெர்மிட்டில கை வைப்பினம்."

"பயப்பிடாதேங்கோ. தேடுறது அந்தச் சஞ்சிகைக்காரர்தான். உங்களுக்கு விருதாம்."

செல்வராணி நிமிர்ந்து பார்த்தாள். பயம் போகவில்லை, கூடியிருந்தது.

"இல்லைப் பிள்ளை. அந்தப் பெட்டை போகேக்கச் சொன்னவா, நாங்கள் உங்களைத் தேடி ஒருநாளும் வரமாட்டம், எங்கட பேரைச் சொல்லிக்கொண்டு ஆரும் வந்தால் நம்பாதேங்கோ எண்டு."

அடுப்பில் எதுவும் இல்லாமலே அந்த அறை புழுங்கியது. யாருக்கும் தெரியக்கூடாது என்பதற்காகவே பெயரை அழிப்பவர்கள், அதைத் தேட ஆள் பிடிப்பார்களா? முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. புதிரின் அழகில் மயங்கி, புதிரைக் கொண்டுவந்தவரை அவள் பார்க்கவே இல்லை.

"ட்விண்ட்!" என்று கஜலக்சுமி மேசையில் தட்டினாள். "அந்தாள் கேக்குக்கு ட்விண்டிலயெல்லோ கட்டினவர்! சுவிஸ் பாங்குக் கணக்கில்லாமல் அது வேலை செய்யாது. என்ர மருமோன் லண்டனில இருந்து வந்து நிண்ட ஒரு கிழமையும் அதைச் சொல்லித்தான் என்ர காசில கோப்பி குடிச்சவன். ஒஸ்லோ ஆளுக்கு இஞ்ச என்ன கணக்கு?"

செல்வராணி கதிரையைப் பிடித்துக்கொண்டாள். "முதலாளிக்கு வேற ரெண்டு ஆலை இருக்கு. இந்தக் கதையை ஆரோ டொச்சில மாத்தி அனுப்ப, அங்கத்தைப் பெண்டுகளும் இப்ப மத்தியானம் சாப்பாட்டு அறைக்குப் போகினமில்லையாம். போத்துக்கீசு, எரித்திரியாக்காரர், எல்லாரும். தலைமை அலுவலகத்தில புதுசா ஒரு தமிழாளைப் போட்டிருக்கினம் எண்டு கேள்வி. நாங்கள் இன்னும் காணேல்லை."

இப்போது வாயில் அந்த உலோகக் கசப்பு வந்தது.

*

ஏரிக்கரைக் கஃபேயில் சச்சிதானந்தன் அவர்களுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். படகுத்துறையில் வெள்ளைக் கப்பல் ஒன்று ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தது.

"கெட்டிக்காரி நீங்கள். இவ்வளவு கெதியா முடிப்பீங்கள் எண்டு நினைக்கேல்லை. ஆர் ஆள்?"

"ஒஸ்லோவில இப்ப வெதர் எப்பிடித் தம்பி?" என்றாள் கஜலக்சுமி.

"நல்லாத்தான் இருக்கு. ஏன்?"

"இல்லை, சலவை ஆலைத் தலைமை அலுவலகத்து யன்னலால பார்த்தால் தெரியுமோ எண்டு கேட்டன்."

அவர் சிரிப்பை எடுத்து வைத்துவிட்டார்; அவ்வளவு சுலபமாக அது கழன்று வந்தது. சிரிப்பில்லாத முகம் களைத்திருந்தது. பிரபாலினிக்கு அவர்மேல் கோபம் வரவில்லை, அதுதான் சங்கடமாக இருந்தது. எத்தனையோ கதிரைகள் ஏறி அந்த ஒரு கதிரைக்கு வந்திருப்பார்; அதிலிருந்து தள்ளிவிடுவார்கள் என்ற பயம் கழுத்து நரம்பில் துடித்தது.

"சரி," என்றார். "நான் சொன்னது பொய். ஆனால் நீங்கள் கண்டுபிடிச்சிட்டீங்கள், அது உங்கட முகத்தில தெரியுது. பேசின காசைத் தாறன். இனிமேல் எங்கட கம்பனி விசாரணை எல்லாம் உங்களுக்குத்தான். எனக்குப் பெயர் வேணும். மேலிடத்துக்கு நான் ஒரு பெயர் குடுக்கவேணும்."

"குடுக்கேலாது."

"அப்ப ஏழு பேருக்கும் பிரச்சினை வரும். யோசியுங்கோ."

"ஏழு பேரையும் நிப்பாட்டிப்போட்டு உருளையடியில ஆரை நிப்பாட்டுவீர்?" என்றாள் கஜலக்சுமி. "இந்தக் கோட்டோட நீர் நிப்பீரோ? கோட்டும் நல்லா மடிப்பெடுக்கும்."

அவர் அவளைப் பார்க்கவில்லை. பிரபாலினி பக்கம் குனிந்து, குரலை மென்மையாக்கிக்கொண்டார்.

"சரி, பெயர் சொல்லவேண்டாம். ஆளைக் காட்டிக்குடுக்கவும் வேண்டாம். நான் ஒவ்வொரு பெயராச் சொல்லுறன். சம்பந்தமில்லாத ஆள் எண்டால் இல்லை எண்டு மட்டும் சொல்லுங்கோ. ஒண்டும் செய்யாததுகள் ஏன் கஷ்டப்படவேணும்? ஆளைச் சொல்லுறதுக்கும் இதுக்கும் வித்தியாசம் இருக்குத்தானே?"

கப்பல் கயிற்றை அவிழ்த்தார்கள். தண்ணீர் கரையில் வந்து மோதித் திரும்பியது.

"சிவகலா," என்றார் அவர். "அவ இல்லைத்தானே?"

அவள் இல்லை. அது சுத்தமான உண்மை. சொன்னால் இந்த நிமிடமே சிவகலா தப்பித்துவிடுவாள். நாளைக் காலையில் நிம்மதியாக வேலைக்குப் போவாள். 'இல்லை' என்ற சொல் பிரபாலினியின் நாக்கு நுனிவரை வந்து, நல்ல சொல்லைப்போலவே அங்கே நின்றது. அதற்குப் பின்னால் இன்னும் ஐந்து 'இல்லை'கள் வரிசையில் நிற்பதையும், அந்த வரிசை முடியும் இடத்தில் கழுத்தில் சிலுவையோடு ஒருத்தி மட்டும் மிஞ்சி நிற்பதையும் அவள் பார்த்தாள்.



"அதையும் நான் சொல்லமாட்டன்," என்றாள் பிரபாலினி, கப்பல் சத்தத்தில் அவருக்கு மட்டும் கேட்கும்படி.